குடத்தில் பன்னிரண்டு சீட்டு

திருத்தணி
9-10-1998

அன்புள்ள சாய்ராமுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் வித்யாலக்ஷ்மியும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கத் தணிகைமலையான் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நான் நலம் என்று முதல் வரியில் எழுதி அடித்திருப்பதைப் பார்த்திருப்பாய். முழங்கால் வலி பழையபடிதான், கண்ணுக்குச் சொட்டு மருந்து தொடர்கிறது, அதையெல்லாம் நலம் என்றே எழுதலாம், மனசுதான் ஒரு வாரமாகச் சரியில்லை. மற்றதெல்லாம் பிறகு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன் கிளப் செயலாளர் சடகோபன் உனக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறான். இதற்கு முன்பே வந்திருக்கலாம், இதோடு சேர்ந்தும் வரலாம். அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தின் ஜெராக்ஸ் இருக்கும், முழுக்க என் கைப்பட எழுதியது, அடியில் என் பெயரும் இருக்கும். அம்மாவே எழுதியிருக்கிறாளே என்று அதை நம்பி, கூட வைத்திருக்கும் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதே. முதலில் இதை முழுவதும் படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வெளிநாட்டுக்கு லைன் கிடைக்கிற பூத் நம் வேணுவுடையது ஒன்றுதான், அவன் டவுன் கிளப்பில் சடகோபனுக்கு அடுத்த ஆள். பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாக மூடாது, நான் ரிசீவரை வைப்பதற்குள் பேசியதெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொன்று, இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால்தான் வரும்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், ஐரோப்பாவில் பணமுள்ள பெரிய கால்பந்து கிளப்புகள் மற்றவர்களைக் கழற்றிவிட்டுத் தங்களுக்குள் தனி லீக் தொடங்கப் பேசுகிறார்கள் என்று, உன் ஆபீஸில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை என்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது வருஷமாகக் கழுத்தில் போட்டிருந்த கிளப் மஃப்ளரைக் கழற்றி நாய் படுக்கப் போட்டுவிட்டார் என்று. அதைப் படித்துவிட்டு வீட்டு வேலைக்கு வரும் சந்திராவிடம் சொல்லிச் சிரித்தேன், ஒரு பந்துக்காக இந்த வயதில் இப்படியா என்று. இப்போது அந்தப் பெரியவரை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் ஊர்ப் பந்தயத்தைப் பற்றி மருமகளாக வந்த வித்யாவுக்கு அவ்வளவாகத் தெரியாது, அவளுக்கும் படித்துக் காட்டு, அதனால் நீ அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் அப்பா தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தா, ஐந்து மணிக்கு மேல் விசிலும் கையுமாக ரெஃப்ரி. அவர் தொடங்கி வைத்த பந்தயத்தில் பன்னிரண்டு அணிகள். பொதட்டூர்பேட்டையில் இரண்டு, அம்மையார்குப்பத்தில் ஒன்று, நம் டவுன் கிளப் ஒன்று, இந்த நான்கும் விசைத்தறி முதலாளிகளும் கடைக்காரர்களும் நடத்துவது, அவர்களுக்கு ஷூ, ஜெர்சி, வேன் எல்லாம் உண்டு. மற்ற எட்டும் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவர்கள், மலைப்படியில் பூவும் கற்பூரமும் விற்கிறவர்கள், சுற்றுப்பக்கத்தில் வயல் வேலைக்குப் போகிற பிள்ளைகள், இப்படி. கந்தர் சஷ்டி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு பெயரையும் ஒரே அளவுச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, ஒரே பித்தளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, இரண்டிரண்டாக எடுப்பது வழக்கம். யாருக்கு யார் வந்தாலும் ஆடியாக வேண்டும், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். பணக்காரனுக்கென்று வேறு குடம் என்னிடம் இல்லை என்பார் அப்பா. நீ டவுன் கிளப்புக்குக் கோல் கீப்பராக நின்று பூக்காரர்களிடம் மூன்று கோல் வாங்கி அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்கும் விசில் ஊதியவர் அவர்தான், வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அவர் போன பிறகு ஒன்பது வருஷமாக நான்தான் சீட்டு எழுதுகிறேன், நான்தான் குடத்தில் கை விடுகிறேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும், நான் மறைத்ததில்லை.

நவராத்திரியில் ஒரு நாள் சடகோபன் வந்தான். சுண்டல் கொடுத்தேன். கையில் நாலு பக்கம் டைப் அடித்த கடிதம், மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு. அண்ணி, இந்த ஊர்ல இங்கிலீஷுக்கு உங்கள விட்டா யாரு இருக்காங்க, ஒரு தடவ கண்ணால பாத்துக் குடுங்க என்றான். அந்த நான்கு கிளப்பும் தனியாகப் பிரிந்து ஒரு லீக் நடத்தப் போகிறார்கள், அந்த நான்கும் எத்தனை தோற்றாலும் எப்போதும் உள்ளேதான், வேறு யாரும் உள்ளே வர முடியாது, குலுக்கல் கிடையாது, ஜெயிக்கிற அணிக்கென்று அப்பா வைத்த கேடயமும் அவர் பெயரும் இவர்களுக்கே வேண்டும். இதுதான் அதில் இருந்தது. எனக்குப் புரியாமல் இல்லை சாய்ராம், புரிந்தது. ஆனால் அந்த ஆங்கிலத்தைப் பார்த்ததும் சிவப்பு மை தேடிப் போய்விட்டேன். ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு பிழை. திருத்தத் திருத்த ஒரு சந்தோஷம், பள்ளிக்கூட நாட்களுக்குத் திரும்பிப் போன மாதிரி. திருத்தி முடித்த தாள் பார்க்கச் சகிக்கவில்லை என்று நல்ல தாள் எடுத்து நானே நகல் எழுதினேன். கான்வென்டில் படிக்கும்போது எங்களுக்கு ஒரு கட்டாயம், நகல் எழுதியவள் அடியில் தேதியும் முழுப் பெயரும் போட வேண்டும், போடாவிட்டால் சிஸ்டர் நோட்டைத் தூக்கி எறிவார். ஐம்பது வருஷம் ஆகியும் கை அதை விடவில்லை, அன்றும் போட்டது. சடகோபன் வாங்கிப் பார்த்துவிட்டு, அச்சடிச்ச மாதிரி கீது அண்ணி என்றான். நான் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சுண்டல் வைத்தேன்.

பொதட்டூர்பேட்டைப் பெரிய கிளப்பின் தலைவர் துரைக்கண்ணுவைத் தெரியுமல்லவா, நாற்பது தறி ஓட்டுகிறவர். ஆயுத பூஜையன்று தறிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு அந்த ஜெராக்ஸை எல்லோருக்கும் கொடுத்து, குருநாதன் சார் வீட்டு அம்மாவே எழுதிக் குடுத்துட்டாங்க, இனி யாரு இன்னா சொல்றது என்றாராம். அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை, பதினோரு மாசம் பயிற்சி எடுக்கிற பிள்ளைகள் ஒரு சீட்டினால் முதல் நாளே வெளியே போகிறார்கள் என்று வருத்தப்படுகிறவர்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. அந்த ஊரில் கிளப் ரசிகர்கள் எல்லோரும் நெசவாளிகள், வருஷா வருஷம் மிச்ச நூலில் பச்சையும் மஞ்சளும் கட்டம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு லுங்கி நெய்து, அதைக் கட்டிக்கொண்டுதான் ஆட்டத்துக்கு வருவார்கள், நீ பார்த்திருக்கிறாய். போன ஞாயிறு காலையில் அத்தனை பேரும் துவைத்து மடித்து எடுத்துப் போய்த் துரைக்கண்ணு வீட்டு வாசலில் அடுக்கிவிட்டு வந்துவிட்டார்கள். சண்டையில்லை, சத்தமில்லை. இருநூறுக்கு மேல் இருக்குமாம், கேட்டைத் திறக்க முடியாமல் அவர் உள்ளேயே நின்றாராம். ஜெயிக்கிற கிளப்பின் ரசிகர்கள் இவர்கள், தனி லீக் வந்தால் இவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நான் நினைத்தேன். சந்திராதான் சொன்னாள், ஜெயிக்கறத பாக்கவாம்மா போறாங்க, தோத்தாலும் தோப்பாங்கன்னுதான போறாங்க என்று. அவள் கொழுந்தன் பச்சையப்பன் வயல் வேலைக்காரர்கள் அணியில் ஆடுகிறவன், நாலு வருஷம் முன்பு வெறுங்காலோடு ஆடித் துரைக்கண்ணு அணியை ஒரு கோலில் தோற்கடித்தவர்கள் அவர்கள். நம்ம காலு மண்ணு அவங்க ஷூவுல ஒட்டிக்கும்னு பயந்துக்கினாங்களாம்மா என்று கேட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். யார் எழுதிய கடிதம் என்று அவளுக்குத் தெரியும், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றவர்கள் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒருவன், குருநாதன் சாரு விசில இன்னா வெலைக்கி குட்தாங்களாம் என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன், கத்தரிக்காயும் வாங்கவில்லை.

புதன்கிழமை எல்லப்பன் ஏழெட்டுப் பேரோடு வந்தான். துரைக்கண்ணுவின் தறியிலேயே நெய்கிறவன், பொதட்டூர்பேட்டை அணிக்குத் தொண்டை கிழியக் கத்துவானே அதே ஆள்தான். அன்று வெள்ளை வேட்டியில் வந்திருந்தான், எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து, அம்மா, இது நீங்க எழுதனதுங்களா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி இருக்கலாம். ஆங்கிலத்தை மட்டும்தான் சரிபார்த்தேன், விஷயம் அவர்களுடையது என்றேன், அதையும் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவன் ஆங் என்று தலையாட்டிக்கொண்டே ஜெராக்ஸை மடித்துப் பைக்குள் வைத்தான். அப்புறம் சொன்னான், தப்பும் தவறுமா வந்திருந்தா நாங்களே கிழிச்சிப் போட்டிருப்போம்மா, நீங்க சுத்தமா எழுதிக் குட்தீங்க, அதான் எல்லாரும் நம்பிட்டாங்க. காபி கலந்து வைத்திருந்தேன், வேணாங்க என்று எல்லோரும் போய்விட்டார்கள். எட்டு டம்ளர் காபியையும் கொட்டினேன்.

வேணுதான் நேற்று வாயை விட்டான், திங்கட்கிழமையே லண்டனுக்குத் தபால் போட்டாச்சு, சாய்ராம் அண்ணனத்தான் கௌரவத் தலைவரா போடறாங்க என்று. நீ லீட்ஸில் இருப்பதாக நூறு தடவை சொல்லியாயிற்று, அவனுக்கு எல்லாம் லண்டன். தொடங்கியவரின் மனைவியும் மகனும் சம்மதித்தால் கேடயத்தையும் பெயரையும் அந்த நால்வருக்கே கொடுத்துவிட மாவட்டச் சங்கம் தயாராம். மனைவியின் சம்மதம் என்று என் நகலைக் காட்டியாயிற்று. இனி உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. நீ பழைய டவுன் கிளப் ஆள், உனக்கும் ஆசை இருக்கலாம், மைதானத்துக்கு விளக்குப் போடுவார்கள், உட்கார்ந்து பார்க்கப் படி கட்டுவார்கள், எல்லாம் நல்லதுதான். ஆனால் நீ உன் இஷ்டத்துக்குப் போடுகிற கையெழுத்தாக அது இருக்க வேண்டும், என் கையைப் பார்த்து ஏமாந்து போடுகிறதாக இருக்கக் கூடாது. என் இஷ்டம் எது என்று கேட்டால், ஒரு குடம்தான்.

நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் தேதி ஞாயிறு குலுக்கல். குடத்தில் கை விடுவதற்கு முன்னால் எல்லோர் முன்பும் நின்று, அதை எழுதியது நான்தான், படித்துப் புரிந்துகொண்டுதான் எழுதினேன், அது தவறு என்று சொல்லப் போகிறேன். தமிழில்தான். அதன் பிறகு குடத்தைத் தொட என்னை விடுவார்களோ மாட்டார்களோ தெரியாது, இனி வேறு யாராவது எடுக்கட்டும் என்று எல்லப்பன் சொன்னால் நான் என்ன செய்ய முடியும், மேடையை விட்டு இறங்கி வர வேண்டியதுதான். சீட்டுகளை மட்டும் இன்று காலையே எழுதி மடித்துவிட்டேன். பன்னிரண்டும் எழுதினேன், பிரிந்து போகிற நான்கையும் விடவில்லை. அவர்கள் பெயர் வந்து அவர்கள் வராவிட்டால், எதிரணி மைதானத்தில் கால்மணி நேரம் காத்திருக்கும், அப்பா எப்போதும் கொடுக்கிற நேரம்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை என்றால் அக்டோபர் 25 ஞாயிறு, நம் நேரம் மாலை நான்கு மணிக்கு வேணு பூத்துக்குப் போன் பண்ணு, நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். போடவில்லை, போடமாட்டேன் என்று உரக்கச் சொல். கதவு மூடாவிட்டால் நல்லதுதான். ஒருவேளை போட்டே அனுப்பிவிட்டாய் என்றால் அதையும் அதே மாதிரி சொல், அம்மா எழுத்தைப் பார்த்துப் போட்டேன், திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று. என் மானத்தை நினைத்து மென்று முழுங்காதே.

வித்யாவைக் காலுறை போடாமல் தரையில் நடக்க விடாதே. எலுமிச்சை ஊறுகாய் தீபாவளிக்கு வருகிற நாராயணசுவாமி மாமா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன், ஈரக் கரண்டி போட வேண்டாம் என்று சொல். பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்தால், திருத்தணியில் ஒரு அம்மா உங்களைப் பார்த்துச் சிரித்தாள், இப்போது சிரிக்கவில்லை என்று சொல்லிவிடு. நீங்கள் இருவரும் எல்லாச் சௌக்கியங்களோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க என் ஆசீர்வாதம். ஞாயிறு, நான்கு மணி, மறக்காதே.

உனக்கு எழுதுவதை எப்போதும் ஒரு முறை நகல் எடுத்துத்தான் அனுப்புவேன். இதை எடுக்கவில்லை. அடித்ததும் கிறுக்கியதும் அப்படியே வருகிறது, எழுதியவள் நான்.

உன் அம்மா
லலிதாம்பாள் குருநாதன்