தட்டு இறக்கும்வரை கோடி

ஐப்பசி 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். மாடியில் போட்ட துணி அப்படியே ஈரமாக. தறிக்குழியில் ஈரம் ஏறிவிட்டது, இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று இவர் தறியில் உட்காரவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்தார்.

மாவு அரைக்க. கேஸ் புக் பண்ண. சின்னவனுக்கு ஷூ. குவில்ட்.

குழந்தைக்குத் தைக்கும் ஒட்டுத்துணி மெத்தை, அந்தக் குவில்ட், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தாக வேண்டும். நாத்தனார் கீதா கைக்குழந்தையோடு சேத்துப்பட்டுக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிறாள். தொட்டில் போடுவது அங்கேதான். தாய்மாமன் சீர் எங்களுடையது. கொலுசு, அரைஞாண், பால் கிண்ணம் எல்லாம் எல்லாரும் வைப்பதுதான், என் கையால் ஒன்று இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். அரக்குப் பட்டும் சந்தனப் பட்டும் மாற்றி மாற்றிச் சதுரம், உள்ளே இலவம்பஞ்சு, அடியில் வெள்ளை மல் துணி. பட்டெல்லாம் எங்கள் தறியில் மிச்சம் விழுந்த பிளவுஸ் பிட்.

யூடியூபில் ஒரு அம்மா, தைப்பதற்கு முன் துணியை நனைத்தே ஆக வேண்டும் என்கிறாள். இல்லாவிட்டால் சுருங்குமாம், சாயம் போகுமாம். இன்னொருத்தி நனைக்காதே, மொடமொடப்பு போய்விட்டால் ஒழுங்காக வெட்ட வராது என்கிறாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நான் யாரை நம்புவது.

வ. அக்காவிடம் போனேன். மாமியார் போனபிறகு இந்த வீட்டில் எதற்கும் மூத்த ஓரகத்தி வசந்தா அக்காதான். கீதாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அவர். இந்தப் பிரசவத்துக்கும் அவர்தான். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதும் அவர்தான், நான் கிட்டே போனால் "ஒனக்குக் கை நடுங்கும், தள்ளு" என்பார். அவருக்குப் பிள்ளை இல்லை.

"நனைக்கட்டுமாக்கா?"

"சீர்த்தட்டுல கோடித் துணிதான் வைக்கணும் மாலா. தண்ணி பட்டுட்டா அது கோடி இல்ல. அப்படியே தெச்சு வை. தட்டு எறக்கினப்புறம் கீதாகிட்ட சொல்லிடு, ரெண்டு தபா அலசிட்டு புள்ளைக்குப் போடச் சொல்லு. பச்ச உடம்பு."

நல்லதாகப் போயிற்று. இந்த மழையில் பட்டை நனைத்து எங்கே காயப்போடுவது.

ஐப்பசி 6, வியாழன்

மழை விட்டது, வெயில் வரவில்லை. மதியம் கரண்ட் இல்லை. பெரியவன் கணக்கில் எடுத்த மார்க்கைச் சொல்லவே மாட்டேன் என்கிறான், யாரைக் கொண்டிருக்கிறானோ.

பாதிக்குமேல் தைத்தாயிற்று. அரக்கு மின்னுகிறது. கண் பட்டுவிடும்போல.

மனசு கேட்காமல் ஒரு வேலை செய்தேன். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அரக்கு மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். கைக்குட்டை சிவந்து வந்தது. இன்னொரு ஓரத்தில் பார்த்தேன். அதுவும் சிவப்பு. கைக்குட்டையைக் குப்பையில் காய்கறித் தோலுக்கு அடியில் தள்ளினேன்.

வ. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் "அரக்கை எடுத்துடு" என்பார். அரக்கை எடுத்தால் அதில் என்ன இருக்கிறது, சந்தன நிறத்தில் ஒரு சாக்கு. நனைக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஐப்பசி 10, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை. இப்போதும்தான்.

சேத்துப்பட்டு. கூட்டம். மைக்கில் பாட்டு. சீர்த்தட்டு வைத்ததுமே கீதாவின் மாமியார் மற்றதை விட்டுவிட்டு குவில்ட்டைத்தான் கையில் எடுத்தார். தடவினார். "ஆரணிக்காரங்க கை வேற மாதிரிதான். யாரு தெச்சது?" நான்தான் என்றேன். இரண்டு தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன். "இதுலயே புள்ளைய படுக்க வெச்சு ஒரு போட்டோ எடுங்க" என்றார்.

வ. அக்கா வாசற்படி ஓரம் நின்றிருந்தார். தொட்டில் விசேஷம் என்றால் அவராகவே பின்னால் போய் நின்றுகொள்வார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து மெதுவாக, "மாலா, அது இன்னும் நனைக்கல" என்றார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்காதவள் மாதிரி குழந்தையை வாங்கி நானே படுக்க வைத்தேன்.

போட்டோ எடுத்தார்கள். குழந்தை ஈரம் பண்ணியது. குழந்தை என்றால் பண்ணத்தானே செய்யும். கீதாவின் மாமியார் தூக்கி மடியில் போட்டார். குழந்தையின் முதுகு, தொடை, அவருடைய வெண்பட்டு மடி எல்லாம் சிவப்பு. ரத்தம், ரத்தம் என்று யாரோ கத்த, கீதா ஓடி வந்த முகம் இருக்கிறதே. பிறகுதான் சாயம் என்று தெரிந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள்.

"பச்ச உடம்புக்கு நனைக்காத துணிய யாராவது குடுப்பாங்களா? நமக்கெல்லாம் மொதல்ல பழந்துணிதானே போடுவாங்க. யாரு இப்படி செய்யச் சொன்னது?" என்று கேட்டார் கீதாவின் மாமியார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"வசந்தாக்காதான் நனைக்கக் கூடாதுன்னாங்க."

பொய் இல்லை. சொன்னார். மற்ற பாதியையும் சொன்னார், அதை நான் விழுங்கிவிட்டேன். கைக்குட்டையையும் சேர்த்து விழுங்கினேன்.

கீதாவின் மாமியார் வாசற்படிப் பக்கம் திரும்பி, குரலைக்கூட உயர்த்தாமல், "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வ. அக்கா அதற்குள் கிண்ணத்தில் வெந்நீர் கொண்டு வந்திருந்தார், குழந்தையைத் துடைக்க. ஒருத்தி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "குடுங்க, நாங்க பாத்துக்கறோம்." தினம் குளிப்பாட்டின கை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்ப அந்த வாசற்படிக்கே போனார்.

வேனில் வ. அக்கா எனக்கு முன் சீட்டில். நான் பின் சீட்டில் அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தேவிகாபுரத்தில் டீக்கு நிறுத்தினபோது, "பசங்க ஒண்ணும் துன்னல மாலா, பிஸ்கெட்டாவது வாங்கிக் குடு" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம். வண்டியிலேயே நாலு பேர் எதிரில் கேட்டிருக்கலாம். கேவலமாக இருக்கிறது எனக்கு. வேறு வார்த்தை இல்லை.

ஐப்பசி 13, வியாழன்

வெயில். தறி ஓடுகிறது. சிலிண்டர் வந்தது.

மூன்று நாளாகச் சொல்ல வேண்டும் என்று சமையல்கட்டுக்குப் போகிறேன். போய், உப்பு ஜாடியை நகர்த்தி வைத்துவிட்டு வருகிறேன்.

மத்தியானம் கீதா போன். வ. அக்கா காய் நறுக்கிக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரில் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பெரியண்ணி, உங்களுக்குத் தெரியாததா. இங்க ஒரே பேஜாரா இருக்குது. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் எங்க மாமியார் அதையே சொல்லிகினு இருக்காங்க."

வ. அக்கா ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்க இடம் கொடுத்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் அவரைக்காயைப் பார்த்தேன்.

"ஆமா கண்ணு. நான்தான் சொன்னேன். அந்த நேரத்துக்குத் தோணல."

"தை மாசம் படவேட்டுல மொட்டை அண்ணி. அதுக்கு... நீங்க வர வேணாம்னு சொல்றாங்க. நான் இன்னா பண்றது."

"பரவால்ல கண்ணு. தண்ணி மாறும், புள்ளைக்குச் சளி புடிக்காம பாத்துக்க."

போனை வைத்தார். வெங்காயம் நறுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் கண் காய்ந்துதான் இருந்தது.

இவரிடம் சொல்லலாமா. சொன்னால் "விடு, பெரிய அண்ணிதானே, ஒண்ணும் நினைக்க மாட்டாங்க" என்பார். அந்த வார்த்தையைக் கேட்க ஆசையாக இருந்ததால் சொல்லவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

மூட்டம். பெரியவனுக்கு முடி வெட்டியாயிற்று. இட்லி மாவு புளிக்கவில்லை.

சேத்துப்பட்டுக்குப் போன் பண்ண இரண்டு தடவை எடுத்தேன். முதல் தடவை எங்கேஜ்டு. இரண்டாவது தடவை ரிங் போனது, நானே கட் பண்ணினேன்.

சாயந்திரம் வ. அக்கா என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் துணி. அக்கா வீட்டுக்காரருடைய பழைய வேட்டி, கிழித்து நாலாக மடித்தது. எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து, கையில் எடுத்தால் கனமே இல்லை.

"கீதா புள்ளைக்கு வேற ஒண்ணு தெச்சுக் குடேன். அது இல்லாம போச்சே. நீயே குடுத்ததா சொல்லு. என் பேரு வேணாம்."

"சரிக்கா."

எழுந்திருக்கவில்லை. துணியை நீவிக்கொண்டே இருந்தார்.

"மாலா, இத நனைச்சுட்டு தெக்கணுமா, அப்படியே தெக்கலாமா? நீ சொல்லு. எனக்குத் தெரியல."

எத்தனையோ தடவை நனைந்த அந்த வேட்டியைப் போய் நனைக்கவா என்று. என்னிடம் போய்.

"நனைச்சுடலாம்கா" என்றேன்.

அவர் வாளி எடுக்கப் போனார்.