நாலாவது கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்துவிட்டேன். கடையை நடத்தும் தையல் அக்கா அதை மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் மடக்கிக் கடைக்குள் ஒரு சுற்று நடந்து காட்டினாள். "திரும்பிப் போறவங்களுக்கு வசதியா இருக்கும், வச்சுக்கோ" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் இதற்குள் பிரித்துத் தைத்திருப்பேன்.

வீட்டில் ஒரு அதிசயம். பாட்டில் தொழிற்சாலையில் வேலை போனதிலிருந்து, இந்த எட்டு மாதமாக, அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே இருக்கிறார். இன்று விசில் அடித்தார். அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மார்ச் 4, புதன்

விசிலின் காரணம் தெரிந்தது. அடுத்த மாத முனிசிபல் தேர்தலுக்காக, தெருமுனையில் மூடிக்கிடந்த செருப்புக்கடையில் புதுக் கட்சி அலுவலகம் திறந்திருக்கிறது. வாசலில் "நம்ம ஊர் நமக்கு மட்டும்" என்று பலகை. அப்பா அங்கே போய்வருகிறார். கையில் கட்சிப் பட்டை வேறு கட்டிக்கொள்கிறார்.

அதோடு விட்டாரா? "என் பொண்ணு எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும்" என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாளை முதல் தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் நான் அங்கே போய் மக்கள் குறைகளை எழுத வேண்டுமாம்.

வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் குரல் வராது என்பதற்காகவே ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். என்னைப் போய்—

மார்ச் 5, வியாழன்

போனேன். செருப்புக்கடையின் சாய்ந்த கண்ணாடிகளை இன்னும் கழற்றவில்லை. குறை சொல்ல வருகிறவர்களுக்கு எதிரே அவரவர் கால் மட்டும் தெரிகிறது.

கட்சி வேட்பாளரான பெரிய மனிதருக்கு நான்கு விரல்களில் மோதிரம். மனதுக்குள் மோதிரக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன். தாளில் நான்கு கட்டங்கள்: பெயர், முகவரி, குறை, குறைக்குக் காரணம்.

"நாலாவது கட்டத்துல என்ன வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லையேம்மா" என்றார்.

நான் தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினேன்.

"வெளியிலேருந்து வந்தவங்கதான். வேற என்ன? அவங்க சொல்லலைன்னாலும் நீ எழுதிடு."

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் நான் பள்ளியில் முழுசாகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம்.

மார்ச் 7, சனி

மூன்று நாளில் இருபத்தாறு பேர். ஒன்றைச் சொல்ல வேண்டும்: வருகிறவர்கள் போகும்போது வேறு ஆளாகப் போகிறார்கள். நாற்காலி போடுகிறோம், டீ கொடுக்கிறோம், பெயர் கேட்கிறோம். அவ்வளவுதான். லிஃப்ட் ஓடாத கட்டிடத்தின் ஐந்தாவது மாடிப் பாட்டியம்மா சொன்னார்: "முனிசிபல் ஆபீஸ்ல மூணு மணி நேரம் நின்னேன். இங்கதான் உக்காருன்னு சொன்னாங்க."

"குறைக்குக் காரணம் யாருங்க?" என்று கேட்டேன். மெதுவாகத்தான். ஆனால் குரல் வந்தது.

"கட்டிட ஓனர்தான். எட்டு மாசமா பார்ட்ஸ் வருது வருதுங்கறான். கப்பல்ல வந்தாக்கூட வந்திருக்கும்."

ஓனர் என்றே எழுதினேன். அவர்கள் சொல்வதை எழுதச் சொல்லித்தானே தாள் கொடுத்தார்கள்?

பென்ஷன் தாள் மூன்று முறை திரும்பி வந்த கண்டக்டர், "மூணாம் நம்பர் கவுண்டர்ல இருக்கற கண்ணாடிக்காரன்" என்றார். அதையும் எழுதினேன். ஒருவர், தன்னோடு யாருமே பேசுவதில்லை என்றார். காரணம் கேட்டதும் வெகுநேரம் தன் காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானா இருக்குமோ?" என்று என்னிடமே கேட்டார். கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டேன்.

வெளியாட்கள் என்று தானாகச் சொன்னவர்கள் ஏழு பேர். அதையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். கள்ளக் கணக்கு கிடையாது.

மார்ச் 11, புதன்

சிரிப்பு எல்லாம் போயிற்று.

கட்சி ஒரு மனு தயாரித்திருக்கிறது. ஓனர் கட்டிடத்தின் கீழ்த்தளக் கடைகளை "நம்மவர்களுக்கு" மட்டும் கொடுக்க வேண்டுமாம். ஐம்பது வீட்டுக் கையெழுத்து சேர்ந்தால், மாதக் கடைசியில் தையல் அக்கா காலி செய்ய வேண்டும். அந்த வரிசையில் வெளியிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். ஓனருக்குக் கசக்குமா? புது ஆள் வந்தால் புது வாடகை.

கையெழுத்து வாங்குகிறவர் யார்? என் அப்பா.

"அப்பா, நான் அங்கதானே வேலை பார்க்கறேன்?"

"அவ நல்லவதான். அவளைச் சொல்லல பாப்பா. பொதுவாச் சொல்றேன்."

இந்தப் பொது என்பவர் எந்தக் கடை வைத்திருக்கிறாரோ. காலி செய்யப்போவது அக்காதான்.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்தவள், கையைக்கூடத் துடைக்காமல், "முதல் கையெழுத்து என்கிட்ட வாங்குங்க பாக்கலாம்" என்றாள். அப்பா வெளியே போகச் செருப்பைத் தேடினார்.

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் இங்க வந்து இருபத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கேன் போல." பிறகு: "உங்கப்பாவுக்கு எத்தனை கையெழுத்து ஆச்சு?"

"முப்பத்தொண்ணு."

"சுறுசுறுப்பான மனுஷன்தான்."

 மத்தியானம் முழுக்க ஒரே பொத்தான் காஜாவைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தாள்.

மார்ச் 14, சனி

இன்று குறை சொல்ல வந்த கடைசி ஆள் அப்பா.

எல்லோரும் சொல்லிவிட்டார்கள், கட்சிக்காரரே சொல்லவில்லையே என்று யாரோ கிண்டல் செய்திருக்கிறார்கள். எதிரே வந்து உட்கார்ந்தார். நான் முறைப்படி பெயர் கேட்டேன். அப்பாவும் முறைப்படி சொன்னார். முகவரி கேட்டேன். "உங்க வீடுதான்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

"குறை?"

"வேலை போச்சு."

"காரணம்?"

 அப்பா கையிலிருந்த பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் (அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது) சொன்னார்:

"புது மெஷின் ஒண்ணு வாங்கினாங்க. பழசுக்கு நாப்பது பேர் வேணும். இதுக்கு நாலு பேர் போதும். நானே அதுக்குப் பெட்டி பிரிச்சேன். தெர்மாக்கோலெல்லாம் எடுத்து... நல்ல மெஷின்தான்."

எட்டு மாதத்தில் இதை நாங்கள் கேட்டதே இல்லை. வேறு வேலை கிடைத்ததா என்றுதான் கேட்டோம். அதுவும் தினமும் இரண்டு முறை.

'புது மெஷின்' என்று எழுதினேன். அப்பா அதைத் தலைகீழாகப் படித்துவிட்டு எழுந்து போனார். அதை அடித்துவிடச் சொல்லவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நாற்பத்து மூன்று கையெழுத்து.

நாளை மறுநாள் தெருக்கூட்டம். மோதிரக்காரர் மேடையிலேயே குறைத் தாள்களை எடுத்துப் படிப்பாராம். "முன்கூட்டி நான் பாக்கவே மாட்டேன். பார்த்தா நாடகம்னுவாங்க" என்று பெருமையாகச் சொன்னார். நான் தாள்களின் ஓரத்தைத் தட்டி ஒழுங்காக அடுக்கிக் கொடுத்தேன். "கெட்டிக்காரி" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். வெளியாட்கள் என்று இருந்த தாள்களில் இரண்டை மேலே வைத்தேன். மிச்சத்தை அடியில்.

மார்ச் 22, ஞாயிறு

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணி. தெரு நிறைய ஆட்கள். மேடையில் மோதிரக்காரர், பக்கத்து நாற்காலியில், மாலையோடு, கட்டிட ஓனர். முதல் தாள்: "சாக்கடை அடைப்பு. காரணம்?" என்று நிறுத்தினார். கூட்டம், "வெளியாட்கள்" என்றது. இரண்டாவதும் அப்படியே. அவருக்கு ஆட்டம் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது: "எட்டு மாசமா லிஃப்ட் ஓடல. அஞ்சு மாடி ஏறுறேன். காரணம்—" கூட்டம் கத்தி முடித்த பிறகு, அதே வேகத்தில் மைக்கில் படித்துவிட்டார்: "கட்டிட ஓனர்."

ஓனர் மாலையைச் சரி செய்தார். பாட்டியம்மா கீழேயிருந்து, "அதை இன்னொரு தடவ படிங்க, எனக்குக் காது கேக்காது" என்றார்.

மோதிரக்காரர் அவசரமாக அடுத்ததை எடுத்தார். மூணாம் நம்பர் கவுண்டர். அதற்கடுத்து, "நானா இருக்குமோ?" அதைப் படித்துவிட்டு அவரே தாளைத் திருப்பிப் பார்த்தார். தெருவே குலுங்கியது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அடுத்த தாளைப் படிக்கும்வரை.

"வேலை போச்சு. காரணம்... புது மெஷின்."

அதை எங்கே வைத்தேன் என்பதையே மறந்திருந்தேன். யாரோ, "அந்த மெஷின் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டான். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

மேடையோரம் பட்டையோடு நின்ற அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தேடிப் பார்த்தார். நான் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் போனேன். அது என்னை மறைக்கிற அளவு ஒல்லியாக நான் இல்லை.

மார்ச் 23, திங்கள்

"நாளைலேருந்து வர வேண்டாம்மா" என்றார் மோதிரக்காரர். நல்லதாகப் போயிற்று.

அப்பா பேசவில்லை.

மார்ச் 25, புதன்

பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் சொன்னதைத்தான் எழுதின" என்றார்.

"ஆமாம்ப்பா."

"படிச்சது அவன்."

"அடுக்கினது நான்."

 அப்பா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மார்ச் 31, செவ்வாய்

மனு நாற்பத்து மூன்றோடு நிற்கிறது. மிச்சம் ஏழு கையெழுத்துக்கு அப்பா முழங்கால் வலியோடு ஓனர் கட்டிடத்தின் ஐந்து மாடியும் ஏறியிருக்கிறார். எல்லாக் கதவிலும் ஒரே பதில்: "லிஃப்ட் ஓடட்டும், அப்புறம் கையெழுத்து." பாட்டியம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காலுக்குத் தைலம் கொடுத்து, அதன் பிறகு மாட்டேன் என்றாராம்.

அக்கா கடையைத் திறந்தாள். ஓனர் வரவில்லை. வழக்கம்போலத் தைத்தோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். யாருக்கு என்று அம்மா கேட்டாள்.

"சொல்லக் கூடாது. சட்டம்."

"இத்தனை வருஷமா தெரு முழுக்கச் சொல்லிட்டுத்தான் போட்டீங்க. அப்ப எங்க போச்சு சட்டம்?"

ஏப்ரல் 7, செவ்வாய்

எங்கள் வட்டத்தில் மோதிரக்காரரே ஜெயித்துவிட்டார். அன்று அப்படிச் சிரித்த தெருதான். பாட்டியம்மாவைக் கேட்டேன், அவர் மோதிரக்காரருக்குத்தான் போட்டாராம். "சிரிச்சது சிரிச்சதுதான். ஆனா வேற எவன் வந்து எங்கிட்ட என்ன கஷ்டம்னு கேட்டான்?"

 கேட்டது நான்தான் பாட்டி, என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

மத்தியானம் கடை வாசலில் அப்பா. உள்ளே வரலாமா என்று கேட்காமலும், வராமலும், தொழிற்சாலைக்குப் போட்டுப்போன பேன்ட்டை நீட்டினார். கிடங்கு ஒன்றில் ஆள் எடுக்கிறார்களாம், நாளைக்குப் போக வேண்டுமாம், இடுப்பு நிற்கவில்லையாம்.

அக்கா அளவு நாடாவை எடுத்தாள். "கையைத் தூக்குங்கண்ணே."

அப்பா தூக்கினார். கூரையைப் பார்த்தார்.

"மூச்சை உள்ள இழுக்காதீங்க. இது மேடை இல்ல."

அப்பா மூச்சை விட்டார். நான் நோட்டில் எழுதக் காத்திருந்தேன். அக்கா அளவைச் சொன்னாள். பேன்ட்டில் இருந்ததைவிட மூன்று அங்குலம் குறைவு. தவறாகக் கேட்டுவிட்டதோ என்று திரும்பக் கேட்டேன். அக்கா திரும்ப அளந்தாள்.

மூன்று அங்குலம்தான்.