காரணம்: பத்தியம் தவறியது

நர்ஸுகள் குடியிருப்பு,
மதுரை.
9-2-1982

அன்புள்ள அழகம்மாளுக்கு மதினி ஜெயக்கொடி எழுதுவது.

நீயும் என் மருமகள் அன்னமும் விளாங்குடியில் உன் அம்மா வீட்டில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தம்பி இறந்துபோன இந்தப் பத்து மாதத்தில் நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பிள்ளையைக் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறாயே என்று எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதைப் பேச இப்போது எழுதவில்லை.

ஒரு விவரம் வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்துக்கு டாக்டர் ஆண்டிச்சாமி என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். சின்ன வயசு, பெரிய பிடிவாதம். ஆபரேஷன் நன்றாக முடிந்து, பிறகு வார்டில் படுத்திருக்கும்போது புண் சீழ் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உடனே வார்டுக்கு ஒரு ரெஜிஸ்டர் போட்டார். என்றைக்கு ஆபரேஷன், என்றைக்கு முதல் கட்டுப் பிரித்தது, என்றைக்குச் சீழ், என்ன காரணம் என்று கட்டம் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆண்கள் அறுவை வார்டுக்கு அதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. போன வருடத்தையும் சேர்த்து எழுத வேண்டுமாம்.

தம்பியின் கேஸ் ஷீட்டைக் கரையான் அரித்துவிட்டது. அவன் பெயருக்கு நேரே, நான் சீழைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமையைப் போட்டிருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் "பத்தியம் தவறியது" என்று எழுதியிருக்கிறேன். உன்னைக் குத்திக் காட்ட இல்லை. நடந்ததை எழுதித்தானே ஆக வேண்டும்.

அவனுக்குக் காய்ச்சல் கண்டது எந்த நாள், நீ கருவாட்டுக் குழம்பு கொடுத்தது எந்த நாள், இவ்வளவுதான் எனக்கு வேண்டும். அந்த வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் என்னை உசிலம்பட்டிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இருந்திருந்தால் அந்தத் தூக்குச்சட்டியை வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பரவையில் அம்மா அப்படியேதான் இருக்கிறாள். உன் பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இப்படிக்கு,
ஜெயக்கொடி


விளாங்குடி
15-2-1982

மரியாதைக்குரிய மதினிக்கு அழகம்மாள் எழுதிக்கொண்டது.

தபால்காரர் கொடுத்த கடிதத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள்தான் பிரித்தேன். பிள்ளையைக் காட்டவில்லை என்கிறீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை என் துணிமணியைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். நீங்களும் அங்கேதான் நின்றீர்கள், மதினி. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நான் பரவைக்கு வருவேன்?

கேட்ட விவரத்தை எழுதுகிறேன். யோசித்துப் பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொரு நாளும் எனக்கு மனப்பாடம்.

சந்தையில் மூட்டை தூக்கித் தூக்கி அவருக்குக் குடலிறக்கம் வந்தபோது, கைமாற்று வாங்கியாவது தனியார் டாக்டரிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். "எங்கக்கா இருக்கும்போது எனக்கென்ன புள்ள, வேற ஆளு கை படாம பாத்துக்கிரும்" என்று சிரித்துக்கொண்டே உங்கள் வார்டுக்கு வந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை நீங்களே கட்டைப் பிரித்து, "புண்ணு அம்புட்டுச் சுத்தமா இருக்குடா" என்று சொல்லி, லோஷனில் துடைத்துப் புதுக் கட்டுப் போட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உடம்பு கொதித்தது. சாயங்காலம் கட்டு நனைந்து வேட்டியில் பச்சையாக ஊறியிருந்தது. குமட்டுகிற மாதிரி ஒரு இனிப்பு வாடை. அங்கே இருந்த நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒங்க மதினி ஞாயித்துக்கெழம வந்துருவாங்கள்ல. அவங்க கட்டுன கட்ட நாங்க தொட்டா சத்தம் போடுவாங்க" என்றார்கள்.

சனிக்கிழமை அவருக்கு வாயெல்லாம் கசந்தது. கஞ்சி இறங்கவில்லை. "கருவாட்டுக் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் தின்னுருவேன்" என்றார். வீட்டுக்கு ஓடிப்போய்க் குழம்பு வைத்து எடுத்து வந்தேன். சொன்ன மாதிரியே இரண்டு வாய்தான் சாப்பிட்டார். மிச்சம் தூக்குச்சட்டியில் கட்டிலுக்கடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கட்டைப் பிரித்தீர்கள், சட்டியையும் திறந்தீர்கள். "பாவி, எந்தம்பியக் கருவாட்டப் போட்டுக் கொல்லப் பாக்குறியேடி" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. வியாழக்கிழமை அவர் போய்விட்டார்.

நானும் அப்படித்தான் நம்பியிருக்கிறேன். படித்தவர் நீங்கள். பாப்பாவுக்கு இன்றுவரை கருவாட்டுத் துண்டைக் கண்ணில் காட்டியதில்லை.

அழகம்மாள்


மதுரை
18-2-1982

அழகு,

டூட்டிக்கு நடுவே உன் கடிதத்தைப் படித்தேன். அதற்குப் பிறகு ஒரு ஊசிகூட என்னால் சரியாகப் போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமையா? நன்றாக யோசித்து எழுது. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன். கருவாடு சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமையே எப்படிச் சீழ் வந்திருக்கும்? அதை ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை? அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசினபோது ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய்?

அடுத்த தபாலிலேயே பதில் போடு.

ஜெயக்கொடி


விளாங்குடி
22-2-1982

மதினிக்கு,

வெள்ளிக்கிழமைதான். அன்றைக்குச் சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கி வந்து அவர் நெற்றியில் வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் வேட்டியைப் பார்த்தேன். அந்த வேட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை தடவை சோடா போட்டு அவித்தும் கறை முழுசாகப் போகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். இந்தப் பத்து மாதத்தில் என்னிடம் நாள் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். நீங்கள் சத்தம் போட்ட பிறகு எது முன்னே எது பின்னே என்று சேர்த்துப் பார்க்க எனக்கே தோன்றவில்லை. புருசன் செத்துக்கொண்டிருக்கும்போது யார் நாள் கணக்குப் பேசுவார்கள்?

எதற்கு இத்தனை பதற்றமாகக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அழகம்மாள்


மதுரை
20-3-1982

என் அழகுக்கு,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இன்றைக்கு எப்படியும் தபாலில் போட்டுவிடுவேன்.

உன் பதில் வந்த அன்றே ரெஜிஸ்டரில் ஞாயிறை அடித்து வெள்ளி என்று திருத்தினேன். டாக்டர் ஆண்டிச்சாமி பச்சைச் சீழ் வந்தவர்களுக்கு மட்டும் பச்சைப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வார்டில் ஒரு வருடத்துக்குள் பதினோரு புள்ளி! மாதத்துக்கு ஒருவர் என்று வந்ததால் எங்கள் யார் கண்ணிலும் அது பெரிசாகப் படவில்லை. அவன் விதி, இவன் உடம்பு என்று சொல்லிக் கடத்தியிருக்கிறோம். டாக்டர், தம்பியின் பெயருக்கு நேரே நான் எழுதியிருந்த காரணத்தைப் படித்துவிட்டு என்ன பத்தியம் என்றார், கருவாட்டுக் கதையைச் சொன்னேன். "இந்தப் பதினோரு பேருமா கருவாடு சாப்பிட்டாங்க, சிஸ்டர்?" என்று கேட்டார். அதில் எட்டாம் கட்டில்காரர் முட்டைகூடத் தொடாத ஐயர்.

புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் ஒருவரில்லை, கட்டில் ஒன்றில்லை. எல்லோருக்கும் முதல் கட்டுப் பிரித்து இரண்டு மூன்று நாளில் சீழ் வந்திருக்கிறது. உடனே என் டிரெஸ்ஸிங் டிரேயில் இருந்த ஒவ்வொரு சாமானையும் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார். கத்தரி, கிண்ணம், என் விரல், எல்லாம். கடைசியாக லோஷன் பாட்டிலையும் கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "கிருமியக் கொல்ற மருந்துலயே கிருமியத் தேடுறீங்களே டாக்டர்" என்று கேலி பேசினேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டுகளைக் காட்டினார். கத்தரி சுத்தம். என் கை சுத்தம். லோஷன் தட்டு முழுக்கப் பச்சை. அந்தத் தட்டின் மூடியைத் திறந்ததும் நீ எழுதிய அதே இனிப்பு வாடை.

அது என் பாட்டில். ஸ்டோரில் லோஷன் கேட்டபோதெல்லாம் கொடுக்க மாட்டார்கள். அதனால் அடியில் மிஞ்சியதை நான் கொட்டவே மாட்டேன். அதன் மேலேயே புதுசை ஊற்றித் தண்ணீர் சேர்த்து நிரப்பி வைப்பேன். மூடி எப்போதோ தொலைந்துபோனதால் தக்கை வைத்து அடைத்திருந்தேன். ஆறு வருடமாக அந்த பாட்டில் ஒரு நாளும் அடிவரை காலியானதில்லை. "ஜெயக்கொடி வார்டில் மட்டும் லோஷன் தீராது" என்று மேட்ரன் எல்லோர் முன்னாலும் மெச்சுவார். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கிருமிக்குத் தக்கைதான் வீடாம். மருந்தைக் குடித்தே அது வளருமாம். மற்ற நர்ஸுகளும் அதிலிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் தம்பியின் புண்ணை வேறு யாரையும் தொடவிடாமல் நானே துடைத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அழுத்தித் துடைத்தேன்.

உன் கருவாடு ஒரு பாவமும் செய்யவில்லை. என் தம்பியைக் கொன்றது என் லோஷன். அந்தப் பழியை உன் தலையில் போட்டு உன்னைத் தெருவில் நிறுத்தியதும் நான்தான். மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கூசுகிறது.

"பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டு இதோடு விட்டுவிடுங்கள்" என்று பெரிய அதிகாரி சொன்னார். டாக்டர் விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது தினமும் பாட்டிலைக் கொட்டிக் கழுவி, கொதிக்க வைத்து, புதுசாகக் கலக்குகிறோம். தக்கை கிடையாது. மூன்று வாரமாக ஒரு பச்சைப் புள்ளியும் விழவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்று தினமும் நினைக்கிறேன்.

வருகிற சித்திரையில் தம்பிக்கு வருசாந்திரம். சொந்தம் பூராவும் பரவைக்கு வரும். அத்தனை பேர் முன்னாலும் நான் உண்மையைச் சொல்கிறேன். நீ பிள்ளையோடு வந்து கேட்க வேண்டும்.

ஜெயக்கொடி


விளாங்குடி
20-4-1982

மதினிக்கு அழகம்மாள் எழுதுவது.

வருசாந்திரத்துக்கு வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பந்திக்கு முன்னால் நீங்கள் எழுந்து நின்று, எனக்கு எழுதினதை ஒன்று விடாமல் சொன்னீர்கள். இனி எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், அத்தை பிள்ளையைத் தூக்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

ஒருத்தரும் நம்பவில்லையே, மதினி! "மருந்துல எப்பிடித்தா வெசம் வரும்?" என்றார்கள் அத்தை. விருமாண்டி சித்தப்பா, "இந்தப் புள்ள மனசு யாருக்கு வரும்? தாலியறுத்தவளுக்கு எரக்கப்பட்டுப் பழியத் தாந்தலையில போட்டுக்கிருச்சு" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். அத்தனை பேரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. எனக்குப் பந்தியில் கடைசி இலை போட்டார்கள். கருவாட்டுக்காரி கருவாட்டுக்காரியாகவே திரும்பி வந்தேன்.

நீங்கள் அழுதுகொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு வார்டில் ஒரே ஒரு தடவை சத்தம் போட்டீர்கள், ஊரே நம்பியது. இதை எத்தனை தடவை சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியாது. நம்புகிறவரைக்கும் சொல்லுங்கள். அத்தையிடம் சொல்லுங்கள், சந்தையில் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேர் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு பொண்டாட்டியோ அம்மாவோ என்னை மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

வேலையை விடாதீர்கள். நீங்கள் போனால் அடுத்து வருகிறவள் மறுபடியும் ஊற்றி நிரப்புவாள். ரெஜிஸ்டரில் "பத்தியம் தவறியது" என்று எழுதினதை அழிக்க வேண்டாம். அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முதலில் என்ன எழுதியிருந்தது என்பதும் படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

அத்தை வாயால் கூப்பிடாமல் பரவைக்கு இனி வர மாட்டேன். நீங்கள் விளாங்குடிக்கு வாருங்கள், பிள்ளையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். உங்களை மன்னித்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை.

நேற்றுப் பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்த வாசத்துக்குப் பாப்பா எனக்கும் வேண்டும் என்று அழுதாள். வாங்கி வந்து வறுத்துக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து நானும் ஒரு துண்டை வாயில் வைத்தேன். உப்பாக இருந்தது, மதினி. வேறொன்றுமில்லை.

அழகம்மாள்