உன் கைக்குப் போட்ட அளவு

மாப்ள, உன் வண்டி இன்றைக்கு அன்னவாசல் பக்கம் மறுபடியும் மரம் தூக்கிவிட்டது, ஓட்டியது யார் தெரியுமா, உன் தங்கச்சி ரெஜினா!

இதை எழுதும்போதும் என் விரல்களில் தைலமர வாசனை. சோப்பு போட்டும் போகவில்லை. உன் சட்டையில் எப்போதும் இருந்த அதே வாசனை.

நாம் முதலில் பேசிக்கொண்டது ஒரு வீடியோவுக்குக் கீழே, கமெண்டில். டிராக்டரில் மாட்டிய கட்டை தூக்கும் கிரேனை லீவர் இல்லாமல் ஓட்ட முடியுமா என்று நீ கேட்டிருந்தாய். பைக் விபத்துக்குப் பிறகு உன் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நான் விராலிமலையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே இயந்திரங்களுக்குக் கட்டளை கொடுக்கும் கன்ட்ரோலர் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தவன். "முடியும் ப்ரோ, நானே வாரேன்" என்று பதில் போட்டேன். அதுவரை, கிரேனுக்கு எண்ணெய் திறந்துவிடும் ஒரு நிஜ வால்வைத் தொட்டதுகூட இல்லை!

முதல் நாள் லீவருக்குப் பதிலாக ஒரு ஜாய்ஸ்டிக்கை மாட்டினேன், ஆனால் வயரைத் தவறாக மாற்றிக் கொடுத்துவிட்டேன். கட்டையை மேலே தூக்க நீ அதைத் தள்ளினாய். கட்டையைக் கவ்வியிருந்த கிராப் வாயைப் பிளந்து அதைக் கீழே போட்டது. "மாப்ள, தூக்கச் சொன்னா துப்புது!" என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பில்தான் நாம் நண்பர்களானோம்.

பிறகு ஜாய்ஸ்டிக்கின் நடு நிலையை அளக்க வேண்டியிருந்தது. ஜாய்ஸ்டிக் எவ்வளவு சாய்கிறது என்பது கன்ட்ரோலருக்குள் போகும். வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பது வெளியே வரும். நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பதை நாம் லேப்டாப்பில் எழுதுகிறோம். "கைய எடுடா, அளக்கணும்" என்றேன்.

"கைய எடுத்துட்டா வண்டிய யாரு ஓட்டுறது? வச்சபடியே அளந்துக்க."

எந்த வீடியோவிலும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் உன் கை அதன் மேல் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். அந்த நடுக்கம் முழுவதையும் கன்ட்ரோலர் கண்டுகொள்ளாதபடி நடுவில் அகலமான இடம் விட்டோம். வால்வும் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடும்படி வைத்தோம். லோடுமேன்கள் உன் வண்டிக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தார்கள். நீ அசரவில்லை.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. வண்டி ஓட்டமில்லாமல் நின்றது. உன் அப்பா விற்க ஆள் பார்த்துவிட்டார். ரெஜினா விடவில்லை: "ஒரே ஒரு லோடு ஏத்திக் காட்டுறேம்ப்பா. முடியலன்னா குடுத்துருங்க."

அந்த லோடுதான் இன்றைக்கு. அவள் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று உன் அளவுகளை எடுத்துவிட்டு, சட்டென்று பதில் சொல்லும்படி புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். வண்டி நின்றது மேடு பள்ளமான காட்டுத் தரையில். கட்டையின் எடையில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதும் அவள் கையும் குலுங்கியது, கட்டை ஊஞ்சலாடியது. கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

"ஏம்மா, கட்டையத் தூக்குறியா, எங்களத் தூக்குறியா?" என்று கத்தினார் ஒரு லோடுமேன்.

"போதும், எறங்கு" என்றார் உன் அப்பா.

ரெஜினா இறங்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அண்ணே, எங்க அண்ணன் போட்டிருந்ததையே போடுங்க."

"அது அவன் கைக்குப் போட்டதும்மா."

"போடுங்கண்ணே."

போட்டேன். கட்டை மெதுவாக எழுந்தது. ஆடவே இல்லை. லாரியில் மற்ற கட்டைகளோடு சத்தமில்லாமல் போய்ப் படுத்தது. கத்திய அதே லோடுமேன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆமை வந்துருச்சுடா, இங்கிட்டு வாங்க எல்லாரும்" என்றார். உன் அப்பா, "அடுத்த கட்டையத் தூக்கு" என்றார்.

லோடு நிறைந்தது. வண்டி விற்பனைக்கு இல்லை, மாப்ள!

அந்த அளவுகள் உன் கைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். குலுங்கும் தரைக்கும், கீழே நிற்கும் மனிதர்களுக்கும் அதுதான் சரியாக இருந்திருக்கிறது. இனி எந்த வண்டிக்குப் போனாலும் ஓட்டுகிறவரிடம் முதலில் சொல்வேன்: "கைய எடுக்காதீங்க, வச்சபடியே அளப்போம்."

இதைப் படிப்பவர்களே, கை ஒத்துழைக்காததால் லீவரை விட்டு இறங்கிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவருக்கு இதை அனுப்புங்கள். கீழே ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். லேப்டாப்போடு நானே வாரேன்.