சித்தப்பா கொடுத்த செக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் கருணையில் நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நடக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பேப்பர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார், கேட்டால் போகவும் வரவும் நடந்தேனே என்கிறார். குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று. குழந்தைக்கு ராத்திரி இருமல் என்று சொன்னாயே, மார்பில் துணி சுற்றிப் படுக்க வை, மருந்து மருந்து என்று ஓடாதே. இதெல்லாம் போனிலேயே பேசுகிற சமாசாரம்தான். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சரிம்மா விடும்மா என்பாய், விடக்கூடிய விஷயம் இல்லை அது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். பொறுமையாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை என் பிரார்த்தனைப் புத்தகத்துக்கு அட்டை மாற்ற உட்கார்ந்தேன். பழுப்புக் காகிதம் ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை பட்டுக் கிழிந்திருந்தது. பின்னட்டையின் மடிப்பை விரித்தபோது அதற்குள்ளிருந்து இரண்டாக மடித்த ஒரு செக் விழுந்தது. நாற்பதாயிரம். அப்பா பெயருக்கு எழுதியது. கையெழுத்து உன் சித்தப்பாவுடையது. தேதியைப் பார்த்தேன், அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்றைய தேதி. இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எந்த செக் வந்தாலும் ஒரு நாள் என் புத்தகத்துக்குள் சாமியிடம் இருந்துவிட்டு, என் கணக்கு நோட்டில் ஏறி, அதற்குப் பிறகுதான் பேங்குக்குப் போகும். இது நோட்டிலும் ஏறவில்லை, பேங்குக்கும் போகவில்லை. தினமும் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதானே நான் சாமியிடம் உன் சித்தப்பாவைப் பற்றி முறையிட்டேன், கூடப் பிறந்த அண்ணன் உயிருக்குப் போராடும்போது ஒரு பைசா கொடுக்காத மனுஷன் என்று. பணம் அந்த நேரமெல்லாம் என் விரலுக்கும் காகிதத்துக்கும் நடுவில் இருந்திருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அன்றைக்கு என் வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினேன். தம்பி ஏதாவது கொடுத்தாரா என்று நான் கேட்டபோது, ஞாபகமில்லையே என்றவர் இவர்தான். ஆபரேஷன் ஆகி இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். மயக்க மருந்து கொடுத்த மனுஷனிடம் போய்க் கணக்குக் கேட்டது என் புத்தி. ஞாபகமில்லை என்றதை நான் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன், நோட்டிலும் சித்தப்பா பெயருக்கு எதிரே வரவில்லை என்று எழுதிவிட்டேன். நோட்டில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நம்புகிறவள் நான். இப்போது அப்பா மெதுவாக, நமக்குத்தான் இப்போ அந்தப் பணம் தேவையில்லையே, கிழிச்சுப் போட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது என்றார். சொல்லும்போதே என் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க நானும் அதை நினைத்தேன். அத்தை மகள் கல்யாணத்தில் கை கழுவுகிற இடத்தில், சில பேருக்கு வாய்தான் அண்ணன்னு கூப்பிடும், கை கூப்பிடாது என்று அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னது உனக்குத் தெரியும். பக்கத்துக் குழாயில் அவர் நின்றிருந்தார். குழாயை மூடினார், ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போனார். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவ்வளவு பேசிவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது.

முதலில் பேங்குக்குத்தான் போனேன். செக் இன்னும் செல்லும் என்றால் பேசாமல் போட்டுவிடலாம், பணம் போனதைப் பார்த்து அவரே புரிந்துகொள்வார், நான் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று ஒரு கோழைத்தனம். கவுண்டரில் இருந்த பெண் உன் வயசுதான் இருக்கும், செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மா, இது ரொம்பப் பழசு, தேதியோட ஆயுசு எப்பவோ முடிஞ்சிருச்சு, போட்டாலும் திரும்பி வந்துரும் என்றாள். தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஐயோ, நீங்க ஒரு கோடு கூடப் போட்டுடாதீங்க, கொடுத்தவரைத்தான் பார்க்கணும், அவர் இருக்காரில்ல, புதுசா ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க என்றாள். இருக்காரும்மா, பேச்சுவார்த்தைதான் இல்லை என்றேன். அவள் செக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அதுக்கு எங்ககிட்ட ஃபாரம் எதுவும் இல்லையேம்மா என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து படியில் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பினால் போகவே மாட்டேன் என்று தெரியும். நேரே சித்தப்பா கடைக்குப் போனேன். அதே கடைதான், ஃபிரிட்ஜ்களைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை, குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், அண்ணனுக்கு என்ன என்றுதான் முதல் கேள்வி. ஒன்றுமில்லை தம்பி, நல்லா இருக்காரு என்று சொல்லிவிட்டுச் செக்கை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். எங்கே இருந்தது என்றார். சொன்னேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று ஆஸ்பத்திரியில் நான் பணம் கட்டுகிற இடத்தில் வரிசையில் நின்றபோது வந்திருக்கிறார், அப்பாவுக்கு ஊசி போட்டுக் கண் சொருகத் தொடங்கிவிட்டது, இருந்தும் அப்பாதான், அண்ணி சாமி புஸ்தகத்துல வைடா, எப்படியும் அவ திறப்பா என்றிருக்கிறார். தலைமாட்டில் இருந்த என் புத்தகத்தை எடுத்து, கீழே விழுந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அட்டை மடிப்பில் செருகினேன் அண்ணி என்றார். அக்கறையாக வைத்ததால்தான் தொலைந்தது.

இவ்வளவு நாள் உங்க கணக்கிலிருந்து பணம் போகவே இல்லையே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி என்றேன். என்னன்னு கேக்குறது, நாப்பது உங்களுக்குப் போதலை, அதான் வேணாம்னு போடாம வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன், கல்யாணத்துல நீங்க சொன்னதும் அது உறுதியாயிடுச்சு, என்னால அவ்வளவுதான் அண்ணி புரட்ட முடிஞ்சது என்றார். கண்ணு, நான் அவரைக் கொடுக்காதவர் என்று நினைத்தேன், அவரோ, கொடுத்ததைத் தள்ளிவிட்டவள் என்று என்னை நினைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் ரோஷம், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதைவிட ஒன்று சொல்கிறேன். அந்த நாற்பதாயிரத்தை அவர் இன்று வரை தொடவில்லை. சித்தி பல்லுக்கு வைத்தியம் பார்க்கப் பணம் இல்லாமல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஷட்டரைச் சரி செய்யவில்லை, இந்தப் பணம் மட்டும் கணக்கில் கிடந்திருக்கிறது. செக்தான் செத்துப்போச்சே, எடுத்துச் செலவு செய்திருக்கலாமே என்றேன். பேங்குக்குத்தான் அது செத்தது, கொடுத்தது கொடுத்ததுதானே, என்னைக்காவது நீங்க மனசு மாறிக் கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுல்ல என்றார்.

நான் அவர் காலில் விழவில்லை, வயதில் மூத்தவள், விழுந்தால் அவருக்குத்தான் தர்மசங்கடம். தப்பு என்னுடையது தம்பி, அத்தனை பேர் முன்னால் சொன்னேன், அத்தனை பேரிடமும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லத் தொடங்கியும் விட்டேன், நேற்று அத்தையிடம் சொன்னேன், அத்தை என்னைத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். பணம் வேண்டாம், சித்தி பல்லைப் பாருங்கள் என்றேன் சித்தப்பாவிடம். முகம் சுருங்கிவிட்டது. மறுபடியும் வேணாங்கறீங்களா அண்ணி என்றார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. எழுதுங்க தம்பி என்றேன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, அன்றைய தேதி போட்டுப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். பழையதை வாங்கி அவரே நாலாகக் கிழித்தார். புதியதை ஒரு நாள்கூட வீட்டில் வைக்கவில்லை, சாமி மன்னிக்கட்டும், அங்கிருந்து நேரே பேங்கில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். சித்தியைப் பல் டாக்டரிடம் நான் அழைத்துப் போகிறேன், அந்தச் செலவு என்னுடையது, அதை அவர் தடுக்க முடியாது.

இனி உன் காரியம். கிளம்பும்போது சித்தப்பா உன்னைப் பற்றிக் கேட்டார். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டார், யாரோ காட்டிய போட்டோவில் பார்த்தாராம். நம்ம பொண்ணுக்கு என் மேல கோபமா என்று கேட்டார், கோபமா என்று நான் அல்லவா அவரைக் கேட்டிருக்க வேண்டும். அவர் அனுப்புகிற பிறந்தநாள் வாழ்த்துக்கு நீ பதில் போடுவதில்லை. போடாதே என்று சொன்னது நான். இல்லை தம்பி, நான்தான் பேசக் கூடாதுன்னு சொன்னேன் என்றேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா, அப்படின்னா சரி, அம்மா சொன்னா கேக்குற பொண்ணு, நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க என்றார். குத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே நிம்மதியாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நல்ல பெண்ணாக வளர்த்து அந்த நல்ல குணத்தை வைத்தே ஒரு மனுஷனைத் தண்டித்திருக்கிறேன் என்று அன்று முழுக்க அதே நினைப்புதான் எனக்கு.

நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் தீர்க்காயுசாக, மனக்கசப்பு அண்டாத குடும்பமாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் நிறைந்த மனதோடு ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை, இங்கே காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார், உன் ஊர் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள். இத்தனை நாள் ஏன் பேசவில்லை என்று அவர் கேட்க மாட்டார், கேட்டால் என் பெயரைச் சொல், தயங்காதே, அது உண்மை. என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து இன்னொரு வாரம் தள்ளாதே. சித்தப்பா என்று ஒரு தடவை கூப்பிடு, மிச்சத்தை அவர் பேசிக்கொள்வார்.

இப்படிக்கு,
சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்
உன் அம்மா