தழும்பில்லாத வைத்தியம்

அன்பு மகன் ஸ்டாஃபனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். போனில் பேசினால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால் நூலகத்துக்கு வந்து கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். தீவில் மழை விட்டபாடில்லை, மீன்படகுகளையெல்லாம் கரையேற்றியாயிற்று. ஹெர்ரிங் மீன் ஊறப்போட்டேன், உன் அப்பா வழித்துத் தின்றுவிட்டு உப்பு தூக்கல் என்கிறார், கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான்.

அறுபத்தைந்து வயதானதும் எல்லா ஆம்பிளைகளையும் போல அவரையும் வயிற்று ஸ்கேனுக்குக் கூப்பிட்டு, இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் உப்பியிருக்கிறது, வெடித்தால் ஆள் தேறாது என்றார்களே, அப்போது வயிற்றைக் கிழிக்காமல் இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, துணி போர்த்திய கம்பிக் குழாயைத் துண்டு துண்டாக ஏற்றி உள்ளேயே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினார்கள். ரத்தக்குழாய் கீழே இரண்டு காலுக்கும் பிரிகிறதாம், அதனால் முதலில் ஒற்றைக்கால் கால்சட்டை, அப்புறம் மறுகால் என்று டாக்டரம்மா சொன்னதைப் படகுக் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாளே வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். வினை அங்கேதான் பிடித்தது. கிழித்துத் தைத்திருந்தால் குளிக்கும்போது தழும்பைப் பார்த்தாவது பயந்திருப்பார். வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கணும் என்றால், நல்லா இருக்கிற வயித்தை எதுக்குடி படம் புடிக்கணும் என்று போன வருஷம் போகவேயில்லை.

இந்த வாரம் இழுத்துக்கொண்டு போனேன். செருகின அந்தக் கம்பிக் குழாயின் மறுகால் இணைப்பில் விலகியிருக்கிறதாம், பழைய உப்பலுக்குள் ரத்தம் மறுபடி கசிகிறதாம். இன்னொரு துண்டு வைத்து அடைக்க அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள், தள்ளிப்போடக் கூடாதாம். இவரோ, போதும் குன்வோர், எத்தனை ஒட்டுதான் போடறது, எங்கப்பா வழக்கமான வியாழக்கிழமை பட்டாணி சூப்பைக் குடிச்சுக்கிட்டே சாஞ்சாரு, ஒரே நொடி, அதைவிட நல்ல சாவு உண்டா என்கிறார். எனக்கு வந்ததே ஆத்திரம். உங்களுக்கு நொடிதாங்க, அப்புறம் அந்தக் காலி நாற்காலிக்கு எதிரே உக்காந்து சூப் குடிக்கப்போறது யாரு என்று கேட்டுவிட்டேன். எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டார். எனக்கு அழக்கூட அலுப்பாக இருந்தது.

திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா. எங்கப்பாவுக்கு இந்த உப்பல் இருந்துச்சு, எனக்கும் இருக்கு, மகனும் பார்த்துக்கணும்னு அப்பவே சொன்னாங்களே, உம் புள்ள பாத்தானா? அவன் ஸ்கேனுக்குத் தேதி வாங்கட்டும், நானும் செவ்வாய்க்கிழமை பெரிய படகேறி ஆஸ்பத்திரிக்குப் போறேன் என்றார். சாக்குதான், ஆனாலும் பொய்யில்லை. நான் கேட்கும்போதெல்லாம் ஆகட்டும்மா ஆகட்டும்மா என்று நீயும்தான் நாளைக் கடத்துகிறாய். அந்தச் சிகரெட்டையும் விட்டுத் தொலை, அது ரத்தக்குழாய்க்கு ஆகாதாம். வேலை இருக்கிறது என்று எனக்குப் பதில் எழுதாதே. வயிற்றின் மேல் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள், காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சின்னவளுக்கு என் முத்தங்கள், மருமகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தேதியை வாங்கி அப்பாவுக்கே போன் போட்டுச் சொல். வீட்டில் இருக்கிறவரைக் கெஞ்சிக் கெஞ்சி நான் ஓய்ந்துபோனேனடா. மிச்சமிருக்கும் தெம்பில் உன்னைக் கெஞ்சுகிறேன்.

அம்மா,
குன்வோர்