பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர்

என் அன்பு அய்யாவுக்கு,

மேல வீதியில் வீடு வாங்கிவிட்டேன். ஆமாம், வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நீங்க ஓடு மாற்றப் போவீங்களே, அதே வீதி. அங்கே எல்லா வீட்டுக் கூரையும் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கூடமாவது தெரியுமா? கொல்லைச் சந்தில் போய், பின்சுவரில் ஏணியைச் சாத்தி, பொழுது சாய்ந்ததும் அதே சந்தில் திரும்பியவர் நீங்க.

யுத்த காலம் முழுக்க லாரி ஓட்டிச் சம்பாதித்த வீடு. விற்றவர் மதராசோடு போய்விட்டவர். யார் வாங்கினால் அவருக்கு என்ன? வீதிக்குத்தான் வயிறு எரிந்தது. பத்திரத்தில் அண்டை வீட்டார் சாட்சிக் கையெழுத்துப் போடுவது வழக்கமாம். அடுத்த வீட்டு ரிட்டையர்டு தாசில்தார் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"நீ அந்த ஓட்டுக்காரன் மகன்தானே? கீரனூர்ப் பக்கம் நல்ல மனை இருக்கேப்பா. இங்கிட்டு எதுக்கு வந்து சங்கடப்படுறே?"

"எனக்குச் சங்கடம் இல்லீங்க. ஒங்களுக்குத்தான் இருக்கு போல."

அவர் போடவில்லை. எதிர்வீட்டுக்காரருக்குத் திடீரென்று கைநடுக்கம். இன்னொருவருக்கு மூக்குக்கண்ணாடியைக் காணோம். கடைசியில் என்னோடு லாரி ஓட்டும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதிவாகிவிட்டது.

கௌரவமான வீதியாம்! தாசில்தார் வீட்டுக் கூரையைத் தாங்கும் கைமரம் பாதி கரையான் தின்றது என்று நீங்கதானே சொன்னீங்க? மழை பெய்தால் கூடத்தில் அண்டா, குண்டான் எல்லாம் பரப்பி வைப்பார்களாம். வாசலுக்கு மட்டும் வருஷம் தவறாமல் வெள்ளை அடிப்பார்கள். இந்த மனுஷர்களுக்காகவா நீங்க மேலே ஏறினால் பீடியைக்கூட அணைத்துவிட்டு ஏறினீங்க?

ஆத்தாவும் வந்துவிட்டது. ஆனால் இன்னமும் கொல்லைக் கதவு வழியாகத்தான் வரப் போக இருக்கிறது. "பழகிப்போச்சுடா" என்கிறது. சத்தம் போட்டுப் பார்த்தேன். யார் மேல் கோபப்படுவது, சொல்லுங்க?

போன மாதம் தாசில்தார் மகன்களுக்குள் சண்டை வந்து, பாகம் பிரிக்கிறார்கள். பத்திரத்தில் நாலு பக்கத்து எல்லையும் எழுத வேண்டுமே. வடக்கு எல்லை நம் வீடு! மனுஷர் நம் வாசலுக்கு வந்து நின்றார். நானும் உட்காரச் சொல்லவில்லை.

"வடக்கே வேறொருத்தர் வீடுன்னு எழுதுய்யான்னா, பத்திரம் எழுதுறவன் மாட்டேங்கிறான். ஒங்க தகப்பனார் பேரு என்ன?"

இருபது வருஷம் தன் தலைக்கு மேலே வேலை செய்தவர் பேர் அவருக்குத் தெரியாது, அய்யா. "ஏய், ஓட்டுக்காரா" போதுமாக இருந்திருக்கிறது.

"மலையப்பன்."

"என்னது?"

"மலையப்பன். எழுதிக்கங்க, மறந்துறப் போவுது."

துண்டுத் தாளில் எழுதினார். எழுதியது சரியா என்று வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். 'மலையப்பன் மகன் சோலைமுத்து வீட்டுக்குத் தெற்கு.' அந்த வீட்டை இனி எவன் விற்றாலும், அடகு வைத்தாலும், உங்கள் பேரைச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நம் வீட்டு ஓடுகளை நானே மாற்றுகிறேன். நீங்க விட்டுப்போன ஏணி பத்திரமாக இருக்கிறது. அதைப் பட்டப்பகலில், வீதி பார்க்க, முன்வாசலில் சாத்தித்தான் ஏறுவேன். கீழே நின்று ஆத்தா பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள் பேரால் எல்லை சொல்லப்படும் வீட்டிலிருந்து,
மலையப்பன் மகன்
சோலைமுத்து